நாட்காட்டியில் நாலாம் தலைமுறை

1

இந்த ஆகஸ்ட் மாதம் முழுவதும் நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பல சுவர்களில் தொங்குகிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இங்குள்ள கலாச்சார அலுவலகம் ஒன்று வெளியிட்ட இந்த ஆண்டுக் காலண்டரில் ஆகஸ்ட் பக்கத்துக்கு என் படத்தைப் போட்டிருக்கிறார்கள். ஆறு சின்ன இரும்புச் சட்டிகளுக்குப் பின்னால், கரிப்புகைக்கு நடுவே, கையில் கரண்டியோடு நான் பல் தெரியச் சிரிக்கிறேன். கீழே நான்கு மொழிகளில் ஒரே செய்தி. தமிழில் இப்படி: ‘ஜார்ஜ் டவுனின் வாழும் மரபு. நாலாம் தலைமுறை ஆப்பக்காரர் திருமதி வளர்மதி.’

படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. அறந்தாங்கியில் இருக்கும் என் தம்பிக்கு அனுப்பினேன், சட்டம் போட்டு மாட்டப் போவதாகச் சொன்னான். இடிக்கிற விஷயம் ஒன்றே ஒன்றுதான். நான் நாலாம் தலைமுறை இல்லை. பதினேழு வருஷத்துக்கு முன்னால் இதே ஆகஸ்டில், கல்யாணப் புடவை மடிப்புக் கலையாமல் பெட்டியில் இருக்க, விமானம் ஏறி வந்தவள். என் பாஸ்போர்ட் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட். இந்த நாட்டுக்காரர் ஒருவரின் மனைவி என்ற ஒரே காரணத்துக்காக வருஷா வருஷம் இங்கே தங்க ஒரு பாஸ் தருகிறார்கள். அது முடிகிற தேதியும் ஆகஸ்டில்தான் வருகிறது. போதாக்குறைக்கு, நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டுப் போட்டிருந்த மனுவுக்கு இந்த ஆகஸ்டில்தான் நேர்காணல் வைத்தார்கள்.

அரசாங்கத்தின் ஒரு கை என் முகத்தைச் சுவரில் மாட்டுகிறது. இன்னொரு கை ‘நீ யார்’ என்று கேட்டுக் கடிதம் போடுகிறது. இரண்டு கையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டால் என் கதி என்ன என்று நினைத்து நினைத்து, மூன்று மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. காலண்டரில் படம் வந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே, இவள் ஏன் நடுங்குகிறாள் என்று ஊரில் உட்கார்ந்து படிக்கிற உங்களுக்குத் தோன்றும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடி வீடு, ஒன்பதாவது மாடி. லிப்ட் வேலை செய்கிற நாளில் நல்ல வீடு. என் வீட்டுக்காரர் பாலாவுக்கு, தீவிலிருந்து கடற்பாலம் தாண்டி, புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிற வேலை. எங்களுக்கு ஒரே மகள், யாஷினி, பதினைந்து வயது. மலாயும் ஆங்கிலமும் அருவி மாதிரி கொட்டும். தமிழை மட்டும் என்னிடம் சாப்பாடு கேட்கிற அளவுக்கு வைத்திருக்கிறாள்.

காலை ஆறு மணிக்கு நான் மாவு வாளியோடு இறங்கி, பாலாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, ஜார்ஜ் டவுன் ஊருக்குள் ஒரு சந்துக்குப் போவேன். பழைய கடைகளுக்கு முன்னால் கூரையோடு இருக்கும் ஐந்தடி நடைபாதையை இங்கே அஞ்சடி என்பார்கள். அந்த அஞ்சடியில் ஒரு தூணை ஒட்டி எங்கள் தள்ளுவண்டி. என் மாமனாரின் தாத்தா அங்கே ஆப்பம் சுட்டார். அப்புறம் அவர் மகன், அப்புறம் என் மாமனாரும் மாமியாரும். இருவரும் இப்போது இல்லை. லைசென்ஸ் பாலாவின் பெயரில் இருக்கிறது. பாலா சுட்டால் ஆப்பத்தில் பாதி கரி, பாதி மாவு. ஆகவே சுடுகிறவள் நான்.

ஆப்பம் என்றதும் தேங்காய்ப் பாலை நினைக்காதீர்கள். இது உள்ளங்கை அகலம், ஓரம் அப்பளம் மாதிரி மொறுமொறுப்பு, நடுவில் கொஞ்சம் இனிப்பு, தொட்டுக்கொள்ள எதுவும் கிடையாது. மடித்துக் காகிதத்தில் வைத்துக் கொடுத்தால் நடந்துகொண்டே சாப்பிடுவார்கள். அறந்தாங்கியில் எங்கள் வீட்டில் இப்படி ஒன்றை யாரும் சுட்டதில்லை. இதை நான் கற்றுக்கொண்டது இந்த அஞ்சடியில்தான்.

இனி நான் பயப்படுகிற சங்கதிக்கு வருகிறேன். இந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த உணவுகளை, தெருவோர அங்காடிக் கடைகளில் வெளிநாட்டுக்காரர்கள் நின்று சமைக்கக் கூடாது என்று இங்கே ஒரு விதி உண்டு. ஊர் ருசி ஊர்க்காரர் கையில் இருக்க வேண்டும், அதைத் தேடித்தானே வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள் என்பது அதற்குச் சொல்கிற நியாயம். யோசித்துப் பார்த்தால் எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. நம் ஊர்த் திருவிழாவில் யாரோ வந்து கண்டதைக் கலந்து விற்றால் நாம் சும்மா இருப்போமா. ஆனால் உள்ளூர்க்காரரைக் கட்டிக்கொண்டு வந்த பெண்டாட்டிகளுக்கு இந்த விதி உண்டா, இல்லையா? பக்கத்துக் காப்பிக்கடைக்காரர் இல்லவே இல்லை என்கிறார். சாமி கும்பிடுகிற இடத்தில் பழக்கமான ஒரு அக்கா கட்டாயம் உண்டு என்கிறார். போய் நேரே கேட்டுவிடலாம்தான். கேட்டு, ‘உண்டு’ என்று சொல்லிவிட்டால் மறுநாள் சட்டியை என்ன செய்வது? அதனால் பதினேழு வருஷமாகக் கேட்கவில்லை. படிவங்களில் தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதிவிட்டு வருவேன்.

3

கல்யாணம் ஆன புதிதில் அப்பா என்னை அறந்தாங்கி தாலுகா ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரேஷன் கார்டில் இருந்து என் பெயரை எடுக்க வேண்டும். பெண் கட்டிக்கொடுத்தால் பிறந்த வீட்டு அட்டையில் பெயரை நீக்கி, அதற்கு ஒரு சான்று வாங்கி, புகுந்த வீட்டு அட்டையில் சேர்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தவர், எதையும் முறைப்படி செய்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். மலேசியாவில் ரேஷன் கார்டு உண்டா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு மணி நேரம் நின்று வாங்கினோம். எழுத்தர் என் பெயர் மேல் ஒரு கோடு போட்டார். சிவப்பு மை. வெளியே வந்ததும் அப்பா அந்தச் சான்றை என் கையில் கொடுத்து, “இனிமே உனக்கு அரிசி அங்கதாம்மா” என்றார். இத்தனைக்கும் அவர் அழவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

அந்தச் சான்றைப் பத்திரமாகக் கொண்டுவந்து, முதல் வருஷம் பாஸ் எடுக்கப் போனபோது மற்ற பேப்பர்களோடு நீட்டினேன். கவுண்டரில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாலா மலாயில் விளக்கி, விளக்க முடியாமல் சிரித்து, கடைசியில் வாங்கி மடித்துப் பையில் வைத்தார். ‘இங்க இதுக்கு வேலை இல்ல’ என்றார். இருக்கட்டும் என்று நான் பைலிலேயே விட்டுவிட்டேன். அங்கே கோடு போட்டாயிற்று, இங்கே இன்னும் எழுதவில்லை. பாஸ் புதுப்பிக்கிற மாதங்களில் ராத்திரி விழிப்பு வந்தால் இதைத்தான் யோசித்துக்கொண்டு கிடப்பேன்.

4

போன வருஷம் ஒரு நாள் காலை, கூட்டம் நெரிகிற நேரம். கழுத்தில் அட்டை தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பெயர் ரேவதி, இருபத்தைந்து வயது இருக்கும், கலாச்சார அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. கையில் ஒரு டேப்லெட். இந்தச் சந்தில் பரம்பரையாகக் கடை நடத்துகிறவர்களைக் கணக்கெடுக்கிறோம் அக்கா, அஞ்சு நிமிஷம் போதும் என்றாள்.

கூச்சமில்லாத பிள்ளை. அவள் ஆப்பம் தின்றுகொண்டே திட்டத்தை விளக்கினாள். ஒவ்வொரு பழைய கடைக்கும் பலகை வைப்பார்களாம். வரைபடம் போடுவார்களாம். கப்பலில் வருகிற சுற்றுலாக்காரர்கள் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டுப் போகாமல் ஒரு ராத்திரி தங்குவார்களாம். தங்கினால் ஓட்டல்காரனுக்கு வேலை, டாக்சிக்காரனுக்கு வேலை. மலாய், சீன, இந்திய என்று மூன்று இனத்துக்காரர்களின் கடைகளும் ஒரே வரைபடத்தில் இருந்தால் ஒற்றுமை வளரும். இளைஞர்கள் கோலாலம்பூருக்கு ஓடாமல் இங்கேயே நிற்பார்கள். டேப்லெட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் இருந்தது. நான் சட்டியைப் பார்த்தேன். இத்தனூண்டு ஆப்பத்தின் தலையில் இத்தனை சுமையா என்று சிரிப்பு வந்தது; அந்தச் சிரிப்போடு என்னைப் படம் பிடித்துக்கொண்டாள்.

எத்தனை தலைமுறையாக இங்கே கடை என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. மாமனாரின் தாத்தா, அவர் மகன், மாமனார், அப்புறம் நாங்கள். “நாங்க நாலாவது” என்றேன். ஊரில் வாக்கப்பட்டுப் போன எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்லுவாள். வருஷா வருஷம் அந்தத் தாத்தாவுக்கு இலை போட்டுப் படைக்கிறவள் நான். அவருக்குச் சுருட்டு வைக்க வேண்டும், பிராந்தி வைக்கக் கூடாது என்பது பாலாவுக்குக்கூடத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். அவரை என் ஆள் இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

அத்தோடு நின்றிருந்தால் என் மனசாட்சி நிம்மதியாக இருந்திருக்கும். ரேவதி அடுத்த கட்டத்துக்கு வந்து, தலை நிமிராமல், “உள்ளூர்க்காரங்கதானே அக்கா” என்றாள். இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படி, பதில் தெரிந்த மாதிரி, கேட்டதே இல்லை. என்னைப் பார்த்துச் சந்தேகம்கூட வரவில்லை அந்தப் பிள்ளைக்கு. சட்டியில் ஒன்று கருகிக்கொண்டிருந்தது. “ஆமா லா” என்றேன், இந்த ஊர்க்காரர்கள் பேச்சில் ஒட்டுகிற ‘லா’வையும் சேர்த்து.

கருகினது ஒரு சாக்கு. எனக்கு அது இனித்தது, அதனால் சொன்னேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது.

5

நான்கு மாதம் கழித்துத் தூணில் பலகை வந்தது. பித்தளை நிறம், கனமான பலகை, என் முகம், அதே நாலாம் தலைமுறை. அன்று எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. பாலா மட்டும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து, தொழிற்சாலை நண்பர்களுக்கு எல்லாம் அனுப்பினார். குற்றம் நடந்த இடத்தில் நின்று படம் எடுக்கிறீர்களே என்றேன். உனக்கு எதைப் பார்த்தாலும் பயம் என்றார்.

நல்லது நடக்காமலும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். பல வருஷமாக நாறிக்கொண்டிருந்த சாக்கடையை மூடித் தந்தார்கள். விளக்குப் போட்டார்கள். சந்து வரைபடத்தில் ஏறியதால், கடைகளைக் காலி பண்ணச் சொல்லிக்கொண்டிருந்த கட்டட முதலாளி வாயை மூடிக்கொண்டார். முன்னே ஒன்பது மணிக்குள் மாவு தீர்ந்தால் அதிசயம், இப்போது எட்டரைக்கே வாளியைக் கவிழ்த்துவிடுகிறேன். கொள்கை, திட்டம் என்றால் மேலே இருப்பவர்கள் பேசுகிற பேச்சு என்று நினைத்திருந்தேன். அது எங்கள் சந்துக்குள் வந்து சாக்கடைக்கு மூடி போடும் என்று நான் கண்டேனா.

ஒரு வாரம் பொறுத்து ரேவதியைத் தேடிப் போனேன். மாடியில் சின்ன அறை, ஏசி குளிர். எல்லாவற்றையும் சொன்னேன். பலகையை மாற்றிவிடுங்கள், மருமகள் என்று போட்டால் போதும் என்றேன். அந்தப் பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

“அக்கா, லிஸ்ட் மேல போயிருச்சு. இந்தச் சந்துல இத்தனை கடைன்னு கணக்குக் காட்டித்தான் திட்டமே பாஸ் ஆச்சு. ஒண்ணு கொறைஞ்சா சந்தையே எடுத்துருவாங்க. எனக்கும் டிசம்பரோட கான்ட்ராக்ட் முடியுது லா. யாரும் கேக்க மாட்டாங்க, விடுங்க அக்கா.”

நான் அவளிடம் பயத்தைச் சொல்லி இறக்கி வைக்கப் போனேன். அவள் பயத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். யாரும் கேட்க மாட்டார்கள் என்றாள் அல்லவா, அந்தப் படத்தைத்தான் காலண்டருக்கும் கொடுத்திருக்கிறார்கள். தேசிய தினம் வருகிற மாதம் ஆகஸ்ட். நாட்டுக்காரர்களின் மாதத்துக்கு முகம் தேடி, என் முகத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

6

பலகை வந்த நாளிலிருந்து யாஷினி கடைப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். முன்னெல்லாம் சனிக்கிழமை வந்து காகிதம் மடித்துக் கொடுப்பாள். இப்போது கூப்பிட்டால் டியூஷன், இல்லாவிட்டால் தலைவலி. ஒரு நாள் பள்ளியிலிருந்து மாணவர்களை அந்தச் சந்துக்கு மரபு நடை என்று கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஆசிரியை பலகைக்கு முன்னால் நின்று படித்து, யாஷினியைக் கையைப் பிடித்து முன்னே இழுத்து, இதோ நம் வகுப்பிலேயே ஐந்தாம் தலைமுறை இருக்கிறாள் என்று கைதட்டச் சொன்னார். நான் சட்டிக்குப் பின்னால் நிற்கிறேன். என் பெண் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பள்ளியில் அதற்கு ஒரு சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். அதைக் கொண்டுவந்து அலமாரிக்கு அடியில் போட்டுவிட்டாள்.

கரிப்புகை அடிக்கிற அம்மா, இங்கிலீஷ் பேசத் திணறுகிற அம்மா, வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். வளர்ந்த பிள்ளை, கேட்டால் முறைப்பாள். கேட்காமலே மனசுக்குள் புழுங்கினேன். பாஸ் கிடைக்காமல் என்னைத் திருப்பி அனுப்பினால் இவள் ஒரு வாரம் அழுவாளா, இரண்டு வாரம் அழுவாளா என்றுகூடக் கேவலமாகக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

நேர்காணல் கடிதத்தில் கணவரோடு பிள்ளையையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். அதைப் படித்த நாளிலிருந்து பதில்களை ஒத்திகை பார்த்தேன். வேலை செய்கிறீர்களா என்று கேட்டால், கணவரின் கடையில் சிறு உதவி. யார் சமைப்பது என்று கேட்டால்? பாலா தான்தான் சமைப்பதாகச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். ஒரு ஆப்பம் சுட்டுக் காட்டுங்கள் என்றால் குடும்பத்தோடு மாட்டினோம் என்றேன்.

7

ஆகஸ்ட் இருபத்திரண்டு, காலை. பாலாவின் நண்பருடைய காடியை இரவல் வாங்கிக்கொண்டு மூவரும் கிளம்பினோம். காடி என்றால் இங்கே கார். அலுவலகம் பாலத்துக்கு அந்தப் பக்கம். நான் மடியில் பைலை வைத்துக்கொண்டு பேப்பர்களை மூன்றாவது தடவையாக எண்ணினேன். யாஷினி பின்சீட்டில் இருந்து கையை நீட்டி, ஓரம் கிழிந்த ஒரு தாளை உருவினாள். தமிழ் எழுத்து அவளுக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும்.

“இது என்னம்மா?”

ரேஷன் கார்டில் பெயர் நீக்கிய சான்று என்று சொன்னேன். தாத்தா கூட்டிப் போனது, கோடு போட்டது எல்லாவற்றையும் சொன்னேன். இதுவரை அவளிடம் சொன்னதில்லை. அவள் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

“இது எடுத்த பேப்பர். சேத்த பேப்பர் எங்க?”

அதுதான் இல்லை, அதற்குத்தான் போகிறோம் என்று பாலா சொன்னார். அப்புறம் அவள் விடாமல் பேசினாள். பாதி மலாய், பாதி தமிழ். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் தான் நின்று, யாராவது படம் எடுத்து, அது யார் கண்ணிலாவது பட்டு, ‘இவ அம்மா இந்தியாக்காரங்க ஆச்சே’ என்று தெரிந்தவர்கள் யாராவது கீழே எழுதிவிட்டால் என்ன ஆகும்? அதனால்தான் கடைக்கு வரவில்லையாம். பள்ளியோடு வந்து கைதட்டியபோது ஓடிவிடலாமா என்று இருந்ததாம். பத்து மாதமாக என் பெண் எனக்காகப் பயந்துகொண்டு ஒளிந்திருக்கிறாள். நான் அதை வெட்கம் என்று படித்திருக்கிறேன். பாலம் முடிகிற இடத்தில் அவளிடமிருந்து அந்தத் தாளை வாங்கி மறுபடி பைலில் வைத்தேன்.

அதிகாரி ஐம்பது வயது மலாய்க்காரர், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்தார். ‘புவான்’ என்று மரியாதையாக உட்காரச் சொன்னார்; இங்கே அம்மாவுக்குப் புவான், ஐயாவுக்கு என்சிக். உட்கார்ந்ததும் நான் முதலில் பார்த்தது அவரை இல்லை. அவர் தலைக்குப் பின்னால் சுவரில் காலண்டர். ஆறு சட்டிகள், புகை, பல்வரிசை. எனக்கு அல்லு விட்டுப் போயிற்று.

அவர் மலாயில் கேட்டார். எங்கே வீடு, எத்தனையாவது மாடி, பக்கத்து வீட்டில் யார், மாமியார் எப்போது இறந்தார். என் மலாய் பாசார் மலாய், சந்தையில் மீன் வாங்கப் போதும். திக்கித் திக்கிச் சொன்னேன். கண் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் சுவருக்குப் போய்விட்டு வந்தது.

வேலை செய்கிறீர்களா புவான் என்று கேட்டார். கணவரின் கடையில் என்று ஆரம்பித்தேன், மிச்சம் வரவில்லை. அவர் என் பார்வை போன வழியே மெல்லத் திரும்பினார். காலண்டரைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, கீழே இருந்த வரியைப் படித்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

“நாலாம் தலைமுறையா?”

மேசைக்கு அடியில் பாலா என் காலை மிதித்தார். ஒத்திகை பார்த்தது எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பயத்தின் அடி வரைக்கும் போய்விட்டால் அப்புறம் பொய் சொல்லத் தெம்பு இருக்காது போலிருக்கிறது. இல்லை என்சிக், நான் மருமகள், அவர்கள்தான் நாலு தலைமுறை, நான் இந்தியாவில் பிறந்தவள் என்றேன். அதில் எழுதியிருப்பது தப்பு, அந்தத் தப்பு என் வாயிலிருந்து வந்தது என்றேன். பைலைத் திறந்து, எதற்கு என்று தெரியாமலே, அந்தச் சிவப்புக் கோட்டுச் சான்றையும் எடுத்து மேசையில் வைத்தேன்.

அவர் அந்தத் தாளைப் பார்த்தார். அது என்னவென்று கேட்பதற்குள் யாஷினி எழுந்து நின்றுவிட்டாள். மலாயில்தான் சொன்னாள், நான் தமிழில் தருகிறேன்.

“இது அம்மாவோட பேர எடுத்த பேப்பர். சேத்த பேப்பர் இன்னும் யாரும் குடுக்கல. என்னை அஞ்சாவதுன்னு ஸ்கூல்ல சர்டிபிகேட் குடுத்திருக்காங்க. அம்மா நாலாவது இல்லேன்னா நான் எப்படி அஞ்சாவது ஆனேன்?”

பாலா என் காலை மிதித்தபடியே இருந்தார். அதிகாரி யாஷினியிடம், நீ ஆப்பம் சுடுவாயா என்று கேட்டார். தெரியாது, காகிதம் மடிக்கத்தான் தெரியும் என்றாள். அவர் முகத்தில் ஏதோ வந்தது, சிரிப்பா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

பிறகு எழுந்து சுவருக்குப் போனார். காலண்டரின் ஆகஸ்ட் பக்கத்தைத் தூக்கிப் பின்னால் மடித்து, செப்டம்பரை இழுத்து விட்டார். ஒரு பழைய படகுத்துறை, ஆள் யாரும் இல்லை. மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அவர் வந்து உட்கார்ந்து, வேலை என்ற கேள்விக்கு மறுபடி போகாமல் அடுத்த தாளைப் புரட்டினார்.

8

பாஸ் எப்போதும் போல ஒரு வருஷம். நிரந்தர அனுமதிக்குக் கடிதம் வரும், காத்திருங்கள் என்றார்கள். அவர் என்ன எழுதினார், யாரிடம் அனுப்புவார், அடுத்த ஆகஸ்டில் அந்த நாற்காலியில் யார் இருப்பார், ஒன்றும் எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தை மடித்தது என்னைக் காப்பாற்றவா, இல்லை என்னைப் பார்க்கப் பிடிக்காமலா என்பதும் தெரியாது. திரும்பி வரும்போது பாலா உற்சாகமாகப் பாட்டுப் போட்டார். நான் பைலில் பேப்பர்களை மறுபடி எண்ணினேன். லிப்ட் வேலை செய்யவில்லை. ஒன்பது மாடியும் யாஷினி என் பைலைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சமையலறைச் சுவரில் அதே காலண்டர். பாலா ஜனவரியிலேயே மாட்டியது. ஆறு சட்டிகளுக்குப் பின்னால் அவள் இன்னும் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். யாராவது வந்து பார்த்துத் தொலைப்பார்கள் என்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்ப் பக்கத்தைத் தூக்கினேன்.

பின்னால் இருந்து யாஷினி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“இங்க இருக்கட்டும்மா. மாசம் இன்னும் முடியல.”